ரவிதாஸ் எப்படிக் கடல் கடந்தார்?

(வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட 'தீண்டப்படாதவர்கள்' நூலைப் புரட்டினால் காணிக்கைப் பக்கத்தில் மூன்று பெயர்கள் இருக்கும். நந்தனார், ரவிதாஸ், சோகாமேளர். தீண்டப்படாதவர்களாகப் பிறந்த மூன்று ஞானிகள். ஒருவர் நம் சோழநாட்டு ஆதனூர்க்காரர். ஒருவர் காசியில் செருப்புத் தைத்தவர். ஒருவர் மராட்டியத்துப் பண்டரிபுரத்தில் கோயிலுக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டவர். இந்த மூவரில் ஒருவருக்கு மட்டும் இன்று இங்கிலாந்திலும் கனடாவிலும் இத்தாலியிலும் ஆஸ்திரியாவிலும் அமெரிக்காவிலும் கோயில்கள் இருக்கின்றன. அவர் ரவிதாஸ். ஏன் அவர் மட்டும்? இன்று நான் பேசப்போவது இதைப் பற்றித்தான்.

புலம்பெயர்ந்தவர்களின் சமயமும் சாதியும் என்பது என் முனைவர் பட்ட ஆய்வுப் பொருள். தமிழ்நாட்டுக்காரனுக்குப் பஞ்சாபில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்பார்கள். நம் ஊர்க் கதையை நம் ஊரில் நின்று பார்க்கும்போது சில சங்கதிகள் பழகிப்போய்க் கண்ணில் படுவதில்லை. ரவிதாஸைப் படித்த பிறகுதான் எனக்கு நந்தனார் வேறு மாதிரி தெரிந்தார். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பெரியபுராணத்தில் நந்தனார் செய்யும் தொழில் என்ன? கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுக்கிறார். தோல் வேலை. ரவிதாஸும் தோல் வேலைக்காரர். 15, 16ஆம் நூற்றாண்டுகளை ஒட்டிக் காசியில் வாழ்ந்தவர், சமார் சாதியில் பிறந்தவர். தன் பாடல்களில் அவர் அதை மறைக்கவே இல்லை. என் சாதி இது, என் சனம் காசியைச் சுற்றிச் செத்த மாட்டை இழுத்துக்கொண்டு திரிகிறது என்று நேராகவே சொல்கிறார்.

இப்போது கதை கட்டியவர்களைப் பாருங்கள். சேக்கிழாரின் நந்தனார் தீக்குள் இறங்கி வெளியே வரும்போது மார்பில் வெண்ணூலோடு முனிவராக வருகிறார். அதற்குப் பிறகுதான் தில்லைக்குள் அனுமதி. சில நூற்றாண்டுகள் கழித்து, ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், ரவிதாஸுக்கு என்ன நடக்கிறது? அனந்ததாஸ், பிரியாதாஸ் முதலிய வைணவ அடியார்கள் அவருடைய வரலாற்றை எழுதினார்கள். அந்தக் கதைகளில் ரவிதாஸ் தன் மார்பைத் திறந்து காட்டுகிறார், தோலுக்கு அடியில் தங்கப் பூணூல் மின்னுகிறது. அவர் முற்பிறவியில் பார்ப்பனராம். ஏதோ தவறு செய்து சமார் வீட்டில் பிறந்துவிட்டாராம். சேக்கிழாரை இவர்கள் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் இரண்டு பேருக்கும் ஒரே நூல் தயாராக இருந்தது. நம்மில் ஒருவன் உயர்ந்தவன் என்பதை ஒப்புக்கொள்ள வேறு வழியில்லாமல் போகும்போது, அவன் நம்மில் ஒருவனே இல்லை என்று சொல்லிவிடுவது. இதைச் செய்வதற்கு ஒருவரை ஒருவர் பார்த்து எழுத வேண்டிய தேவையில்லை.

அந்த வடநாட்டுக் கதையில் இன்னொரு இடம் இருக்கிறது. பிறந்த குழந்தை தாயின் பாலைக் குடிக்க மறுக்கிறது. சமார்ப் பெண்ணின் பால் என்பதால். பார்ப்பன குருவான இராமானந்தர் வந்து தீட்சை கொடுத்த பிறகுதான் குடிக்கிறது. பூணூலாவது பரவாயில்லை தோழர்களே, அந்தத் தாயை நினைத்துப் பாருங்கள். இந்தக் கதையை எழுதியவர்கள் ரவிதாஸின் எதிரிகள் இல்லை, பக்தர்கள்.

பூணூல் போட்டதில் நந்தனாருக்கும் ரவிதாஸுக்கும் வேறுபாடு இல்லையென்றால் வேறுபாடு எங்கே? எனக்குத் தெரிந்தவரை பெரிய வேறுபாடு இதுதான். நந்தனார் பாடியதாக ஒரு வரிகூட நம்மிடம் இல்லை. சுந்தரர் பெயரைச் சொன்னார், சேக்கிழார் கதையாக விரித்தார், 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி கீர்த்தனை எழுதிப் பார்ப்பனப் பண்ணையார் ஒருவரையும் உள்ளே கொண்டுவந்தார். நந்தனாரைப் பற்றி எல்லோரும் பேசினார்கள், நந்தனார் பேசியது கிடைக்கவில்லை. ரவிதாஸுக்கு அப்படியில்லை. 1604இல் குரு அர்ஜன் தொகுத்த ஆதி கிரந்தத்தில் ரவிதாஸின் சுமார் 40 பாடல்கள் சேர்க்கப்பட்டன. காசியில் பிறந்தவருடைய குரல் பஞ்சாபுக்குப் போய்ச் சேர்ந்த பாதை இதுதான். ஒரு பஞ்சாபிக் கிராமத்தின் குருத்வாராவில், சாதி ஆணவம் பிடித்த நிலக்கிழாரும்கூடத் தலைக்கு முக்காடிட்டு உட்கார்ந்து ஒரு சமாரின் பாட்டைக் கேட்டாக வேண்டும். இது சின்ன விஷயம் இல்லை.

அந்தப் பாடல்களில் ஒன்றில்தான் 'பேகம்புரா' வருகிறது. துயரமில்லாத ஊர் என்று பொருள். அங்கே வரி கிடையாது, அச்சம் கிடையாது, இரண்டாம் தரம் மூன்றாம் தரம் என்று மனிதர் கிடையாது, யாரும் எங்கும் நடக்கலாம். கெயில் ஓம்வெத் தன் நூல் ஒன்றுக்கு இந்த ஊரின் பெயரைத்தான் தலைப்பில் வைத்தார். யாரும் எங்கும் நடக்கலாம் என்பதை இலக்கிய நயமாகப் படித்துவிட்டுப் போய்விடாதீர்கள். தெருவில் நடக்கத் தடை இருந்தவன் எழுதியது அது.

ஆனால் பாட்டு கிரந்தத்தில் இருந்ததாலேயே வாழ்க்கை மாறிவிடவில்லை. சாதியை மறுத்துத் தோன்றியது சீக்கியம். ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் லங்கர் அதன் உயிர். ஆனாலும் பஞ்சாபின் கிராமங்களில் ஜாட் சீக்கியருக்கு ஒரு குருத்வாரா, தலித்துகளுக்கு இன்னொன்று, சுடுகாடும் இரண்டு என்பது இன்றும் காணக் கிடைப்பது. 2011 கணக்கெடுப்பின்படி பஞ்சாப் மக்கள்தொகையில் 31.9 விழுக்காடு பட்டியல் சாதியினர். இந்திய மாநிலங்களிலேயே அதிகம். ஆனால் அவர்கள் கையில் நிலம் இல்லை. 1900ஆம் ஆண்டின் பஞ்சாப் நில உரிமை மாற்றச் சட்டம், 'வேளாண் சாதிகள்' என்று அரசு பட்டியலிட்டவர்களுக்கு வெளியே நிலம் கைமாறுவதைத் தடுத்தது. கந்துவட்டிக்காரனிடமிருந்து விவசாயியைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக் கொண்டுவந்த சட்டம். நிலத்தில் உழைத்துக்கொண்டிருந்த சமாருக்கு அது நிரந்தரப் பூட்டாகிவிட்டது.

நிலம் வாங்க முடியாதவர்கள் என்ன செய்தார்கள்? தோலைப் பிடித்துக்கொண்டார்கள். பியாஸ், சட்லஜ் என்ற இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட தோஆபா பகுதியில், ஜலந்தரை ஒட்டிய பூட்டா மண்டி என்ற இடம் தோல் வணிகத்தின் மையமானது. அருகிலேயே பிரிட்டிஷ் இராணுவப் பாசறை. சிப்பாய்க்குச் செருப்பும் பூட்ஸும் வேண்டும். உலகப் போர் வந்தால் இன்னும் நிறைய வேண்டும். தீட்டு என்று ஒதுக்கப்பட்ட தொழிலில் காசு வந்தது. அந்தக் காசில் சிலர் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள், சிலர் கப்பல் ஏற்றினார்கள்.

அப்படிக் கப்பலேறியவர்களில் ஒருவர் மங்கூ ராம். 1886இல் ஹோஷியார்பூர் மாவட்டத்தின் முகோவால் கிராமத்தில் பிறந்தவர். பள்ளியில் வகுப்புக்கு வெளியே உட்காரவைக்கப்பட்டவர். 1909இல் அமெரிக்கா போய்க் கலிஃபோர்னியாவின் பழத்தோட்டங்களில் கூலி வேலை செய்தார். அங்கே இந்திய விடுதலைக்காக ஆயுதம் ஏந்தத் துணிந்த கதர் கட்சியில் சேர்ந்தார். ஆயுதம் கடத்தும் கப்பல் பயணத்தில் ஈடுபட்டு, உயிர் தப்பி, பல ஆண்டுகள் பிலிப்பைன்ஸில் இருந்தார். கதர் தோழர்கள் தன்னைச் சமமாக நடத்தினார்கள் என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். 1925இல் திரும்பினார். இலங்கை வழியாக வந்து, மதுரை, சென்னை என்று தெற்கிலிருந்து வடக்காகப் பயணம் செய்து ஊர் போனார். வழி நெடுகத் தீண்டாமையைப் பார்த்துக்கொண்டே போனார். நாட்டின் விடுதலைக்காக உயிரைப் பணயம் வைத்தவருக்கு, விடுதலை வேண்டிய இடம் எது என்று காட்டிய பாதையில் நம் மதுரையும் இருக்கிறது. பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை.

1926இல் அவர் தொடங்கியதுதான் 'ஆத் தர்ம்' இயக்கம். ஆதி தர்மம். நாங்கள் இந்து அல்ல, சீக்கியர் அல்ல, முஸ்லிம் அல்ல, இந்த மண்ணின் ஆதி மக்கள், எங்களுக்குத் தனி சமயம் உண்டு, எங்கள் குருக்கள் ரவிதாஸ், வால்மீகி, கபீர், நாமதேவர். இந்தக் குரல் நமக்குப் புதிதில்லை. அயோத்திதாசர் 19ஆம் நூற்றாண்டிலேயே தீண்டப்படாதோர் இந்துக்கள் அல்லர் என்று சொல்லிவிட்டார். ஆதிதிராவிடர், ஆதி ஆந்திரர், ஐக்கிய மாகாணத்தில் அச்சுதானந்தரின் ஆதி இந்து என்று அந்தக் காலத்தில் நாடு முழுக்க 'ஆதி' என்ற சொல் ஒலித்தது. 1931 கணக்கெடுப்பில் பஞ்சாபில் 4,18,789 பேர் தங்கள் சமயம் 'ஆத் தர்ம்' என்று பதிந்தார்கள். அடியும் உதையும் வாங்கிக்கொண்டு பதிந்த எண் அது. ரவிதாஸ் பக்தி மரபின் அடியார் என்ற இடத்திலிருந்து ஒரு மக்கள்திரளின் குரு என்ற இடத்துக்கு நகர்ந்தது இந்தக் கட்டத்தில்தான். தங்கப் பூணூல் கதையை இவர்கள் தூக்கி எறிந்தார்கள்.

அதற்குப் பிறகு கடல் கடந்தது பெரிய அதிசயம் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் ஆள் பற்றாக்குறை. வார்ப்படத் தொழிற்சாலைகள், ஜவுளி ஆலைகள், கார் தொழிற்சாலைகள். 1962இல் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் வருவதற்கு முன் போய்விட வேண்டும் என்று தோஆபாவிலிருந்து கூட்டம் கூட்டமாகப் போனார்கள். ஜாட் போனார், சமாரும் போனார். பர்மிங்காம், வுல்வர்ஹாம்ப்டன், கோவென்ட்ரி, பெட்ஃபோர்டு, சவுத்தால். ஒரே உலையில் வேலை, ஒரே வெள்ளை முதலாளியிடம் வசவு, ஒரே நிறவெறி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை குருத்வாராவுக்குப் போனால் 'எந்த ஊர், எந்தத் தெரு' என்ற கேள்வி. சமையற்கூடத்தில் யார் கை பட்ட ரொட்டி, நிர்வாகக் குழுவில் யார் உட்காருவது என்று அங்கேயும் சண்டை. இதைப் பற்றி நிறைய வாய்மொழிப் பதிவுகளும் ஆய்வுகளும் வந்துவிட்டன. முடிவில் சமார்கள் தங்கள் சம்பளத்திலிருந்து வாரம் இவ்வளவு என்று சேர்த்துப் பழைய கட்டடங்களை வாங்கி ஸ்ரீ குரு ரவிதாஸ் சபா என்று பலகை மாட்டினார்கள்.

பக்தி நூல்களில் ஞானிகள் பரவுவதை மணம் பரவுவதுபோல எழுதுவார்கள். ரவிதாஸ் அப்படிப் பரவவில்லை. அவருடைய ஒவ்வொரு கோயிலும், அந்த ஊருக்குச் சாதி வந்து சேர்ந்துவிட்டது என்பதற்கான ஆவணம். வுல்வர்ஹாம்ப்டனில் சாதி இல்லையென்றால் வுல்வர்ஹாம்ப்டனில் ரவிதாஸ் சபைக்கு என்ன தேவை? இருக்கிற குருத்வாராவிலேயே அவர் பாட்டுதான் ஒலிக்கிறதே.

இத்தாலியை மட்டும் கொஞ்சம் சொல்லிவிட்டுப் போகிறேன். வடக்கு இத்தாலியின் மாட்டுப் பண்ணைகளில் பஞ்சாபித் தொழிலாளர்கள் ஏராளம். உலகப் புகழ்பெற்ற பார்மிசான் பாலாடைக்கட்டிக்குப் பால் கறப்பதில் அவர்கள் பங்கு பெரிது. அங்கேயும் ரவிதாஸ் கோயில்கள் இருக்கின்றன. ஊரில் செத்த மாட்டைத் தூக்கச் சொன்ன சாதியில் பிறந்தவன் இங்கே உயிருள்ள மாட்டைப் பராமரித்துச் சம்பளம் வாங்குகிறான். இதில் தீட்டு எங்கே போயிற்று என்று எனக்கு அடிக்கடி தோன்றும். இத்தாலியப் பண்ணையாருக்கு அது தெரியாது. பக்கத்துத் தொழுவத்தில் வேலை செய்யும் இன்னொரு பஞ்சாபிக்குத் தெரியும்.

இதற்கிடையே ஊரில் இன்னொன்று நடந்தது. ஜலந்தருக்குப் பக்கத்தில் பல்லான் என்ற ஊரில் டேரா சச்கண்ட் என்ற மடம். மடம் என்றால் நம் ஆதீனங்களை நினைத்துக்கொள்ளாதீர்கள், ஒடுக்கப்பட்ட மக்களின் சந்துகள் நடத்திய மடம். அதன் தலைவராக இருந்த சந்த் சர்வண் தாஸ் காலத்தில் ரவிதாஸ் பிறந்த இடமென்று காசியில் சீர் கோவர்தன்பூரைக் கண்டு, நிலம் வாங்கி, 1965இல் அடிக்கல் நாட்டினார்கள். காசி இந்து பல்கலைக்கழகத்துக்கு அருகில் இருக்கும் பகுதி அது. வேர்வையில் சம்பாதித்த பவுண்டும் டாலரும் வந்து கோபுரம் எழுந்தது, பிறகு அதன் மேல் தங்கமும் ஏறியது. கவனியுங்கள், காசியிலிருந்து பஞ்சாபுக்கும் பஞ்சாபிலிருந்து இங்கிலாந்துக்கும் போன வழிபாடு திரும்பி வந்து காசியில் தன் தலைமையிடத்தைக் கட்டிக்கொண்டது. ஆண்டுதோறும் ரவிதாஸ் பிறந்தநாளுக்கு ஜலந்தரிலிருந்து காசிக்குச் சிறப்பு ரயில் போகும். மக்கள் அதை அழைக்கும் பெயர் பேகம்புரா எக்ஸ்பிரஸ். 2022இல் பஞ்சாப் சட்டமன்றத் தேர்தல் பிப்ரவரி 14 என்று அறிவிக்கப்பட்டது. 16ஆம் தேதி ரவிதாஸ் பிறந்தநாள், இலட்சக்கணக்கானோர் காசியில் இருப்பார்கள் என்று கட்சிகள் எல்லாம் கேட்டுக்கொண்டதால் தேர்தல் ஆணையம் 20ஆம் தேதிக்கு மாற்றியது. ஒரு செருப்புத் தைத்தவருடைய பிறந்தநாளுக்காகத் தேர்தலே தள்ளிப்போயிற்று.

கடல் கடந்த கதையின் இரத்தம் தோய்ந்த பக்கம் வியன்னாவில் எழுதப்பட்டது. 2009 மே 24. ஆஸ்திரியத் தலைநகரின் ரவிதாஸ் கோயிலில் பல்லான் மடத்தின் தலைவர் சந்த் நிரஞ்சன் தாஸும் அவருக்கு அடுத்த நிலையில் இருந்த சந்த் இராமானந்தும் வழிபாட்டில் இருந்தபோது, கத்தியும் துப்பாக்கியுமாக ஒரு கும்பல் புகுந்தது. இராமானந்த் இறந்துபோனார். நிரஞ்சன் தாஸ் காயங்களோடு பிழைத்தார். குரு கிரந்தத்தின் முன்னிலையில் உயிரோடிருக்கும் மனிதரைக் குருவாக வணங்குவது நிந்தனை என்பது தாக்கியவர்கள் தரப்பின் வாதம். சமய அடிப்படையில் அந்த எதிர்ப்பைப் பேசும் சீக்கியர்கள் பலர் கொலையைக் கண்டித்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பஞ்சாபின் தலித்துகளுக்கு அது இறையியல் விவாதமாகத் தெரியவில்லை. ஜலந்தர் பற்றி எரிந்தது, ரயில்கள் எரிந்தன, ஊரடங்கு வந்தது. எங்கோ ஐரோப்பாவில் நடந்த கொலைக்கு இங்கே ஏன் இவ்வளவு கொதிப்பு என்று அப்போது கேட்டவர்கள் தல்ஹன் கிராமத்தை மறந்திருந்தார்கள். ஜலந்தருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில், 2003இல், வழிபாட்டிடத்தின் நிர்வாகக் குழுவில் தங்களுக்கும் இடம் வேண்டும் என்று கேட்டதற்காகத் தலித்துகள் சமூகப் புறக்கணிப்புக்கு ஆளாகி, அது கலவரத்தில் போய் முடிந்தது.

வியன்னாவுக்கு எட்டு மாதங்களுக்குப் பிறகு, 2010 ஜனவரி 30 அன்று, ரவிதாஸ் பிறந்தநாளில், காசியில் வைத்துப் பல்லான் மடம் 'ரவிதாசியா' என்ற தனிச் சமயத்தை அறிவித்தது. ரவிதாஸின் பாடல்கள் மட்டுமே கொண்ட 'அம்ரித்பாணி' இனி எங்கள் வேதம் என்றது. ஆதி கிரந்தம் இல்லையென்றால் ரவிதாஸின் பாட்டு பஞ்சாபுக்கு வந்தே இருக்காது. அந்தக் கிரந்தத்தின் முன் சமமாக உட்கார விடாததால் அதே பாட்டை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். வெளியேற்றத்தை எல்லோரும் ஏற்கவில்லை. குரு கிரந்தத்தை விடமாட்டோம், ரவிதாஸ் அதற்குள்தானே இருக்கிறார் என்ற சபைகள் பஞ்சாபிலும் உண்டு, இங்கிலாந்திலும் உண்டு. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம்.

சாதி எதிர்ப்பு மேடையில் நிற்பதால் எல்லாவற்றையும் பாராட்டிவிட்டுப் போக நான் விரும்பவில்லை. ஆத் தர்ம் தொடங்கியபோது எல்லாத் தீண்டப்படாத சாதிகளையும் சேர்ப்பதுதான் கனவு. வால்மீகியும் கபீரும் அதனால்தான் குருக்கள் வரிசையில் இருந்தார்கள். நடைமுறையில் அது பெரிதும் சமார்களின் இயக்கமாகவே சுருங்கியது. துப்புரவுத் தொழிலில் தள்ளப்பட்ட வால்மீகி சாதியினர் இங்கிலாந்திலும் தனிக் கோயில் கட்டிக்கொண்டார்கள். யாரும் எங்கும் நடக்கலாம் என்ற ஊரின் பெயரால் எழுப்பிய கோயில் ஒரு சாதியின் கோயிலாக நின்றுவிட்டது. மடத்தின் தலைமை வரிசை முழுவதும் ஆண்கள். தங்கப் பல்லக்கு, தங்கக் கூரை என்று பெருகும்போது, தோல் ஊறவைக்கும் தொட்டியோடு வாழ்ந்தவர் அதில் எங்கே உட்காருவார் என்று அங்குள்ள அம்பேத்கரியர்களே கேட்கிறார்கள். நரேந்திர மோடி 2016, 2019, 2024 என்று மூன்று முறை சீர் கோவர்தன்பூருக்குப் போய் வணங்கினார். அதே 2019 ஆகஸ்டில், டெல்லி துக்ளகாபாத்தில் இருந்த ரவிதாஸ் கோயிலை, உச்சநீதிமன்ற உத்தரவைக் காட்டி, மத்திய அரசின் கீழ் இயங்கும் டெல்லி வளர்ச்சி ஆணையம் இடித்தது. தெருவுக்கு வந்தவர்களில் பீம் ஆர்மியின் சந்திரசேகர் ஆசாத் உட்படப் பலர் சிறைக்குப் போன பிறகுதான் அங்கே மீண்டும் கோயில் கட்ட இடம் கிடைத்தது. தங்கப் பூணூல் போட்டவர்களின் வாரிசுகள் இன்னும் வேலையில்தான் இருக்கிறார்கள். நூலுக்குப் பதில் இப்போது சிலை.

ஆனாலும் அந்தச் சபைகள் செய்த ஒரு வேலையை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. சாதி வெளிநாட்டில் இல்லை என்று மேட்டுக்குடி இந்தியர்கள் சொன்னபோது, இதோ எங்கள் கோயில், இதோ நாங்கள் என்று சாட்சி சொல்ல ஆள் இருந்தது. இங்கிலாந்தின் 2010 சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க வழிவகை வந்தது. அந்த ஆண்டே அரசு கேட்டு வாங்கிய ஆய்வறிக்கை, அங்கே சாதிப் பாகுபாடு நடப்பதற்குச் சான்று உண்டு என்றது. 2013இல் நாடாளுமன்றம் அதைக் கட்டாயமாக்கியது. இந்து அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. 2018இல் அரசு, தனிச் சட்டம் வேண்டாம், நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று பின்வாங்கியது. அமெரிக்காவில் 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோவும் செய்தது. மங்கூ ராம் பழம் பறித்த மாநிலம். மாநிலம் முழுமைக்குமான மசோதா இரண்டு அவைகளிலும் நிறைவேறி, அக்டோபரில் ஆளுநர் கெவின் நியூசமின் மறுப்பில் செத்தது. இந்தப் போராட்டங்களில் அம்பேத்கரிய அமைப்புகளோடு ரவிதாசியா மக்களும் தோள் கொடுத்து நின்றார்கள்.

இப்போது என் தொடக்கக் கேள்விக்கு வருகிறேன். நம் மக்களும் கடல் கடந்தவர்கள்தான். இலங்கை, மலேயா, பிஜி, மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா என்று போன கூலிகளில் ஒடுக்கப்பட்ட சாதியினர் எத்தனை பேர்! மாரியம்மனும் மதுரை வீரனும் முனியாண்டியும் அவர்களோடு போனார்கள். நந்தனார் குருவாகப் போகவில்லை. கங்காணியின் கீழ், கடனில், லயத்தில் அடைபட்டவனுக்குச் சபை வைக்கக் காசும் இல்லை, சுதந்திரமும் இல்லை. பூட்டா மண்டி போல ஓர் இடமும் அவனுக்குப் பின்னால் இல்லை. சேர்ந்து உட்கார்ந்து வாசிக்க நந்தனாரின் சொல்லும் இல்லை. கதையின் முடிவில் நந்தனார் மறைந்துபோகிறார், சேரிக்குத் திரும்பி வருவதில்லை. சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் கல்வி நிலையம் தொடங்கினார். நெருப்பில் போனவரைப் பள்ளிக்கூடமாகத் திரும்பக் கொண்டுவந்தது அவர்தான். என்னைக் கேட்டால் ரவிதாஸ் சபைகளுக்கு இணையாக நம்மிடம் இருப்பது அந்தப் பள்ளிதான், கோயில் எதுவும் இல்லை.

கடைசியாக ஒன்று. 2011இல் இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கெடுப்பில் 11,058 பேர் தங்கள் சமயம் 'ரவிதாசியா' என்று எழுதினார்கள். அச்சிட்ட கட்டங்களில் அது இல்லை, 'வேறு சமயம்' என்ற இடத்தில் கையால் எழுத வேண்டும். எழுதினார்கள், அதனால் அவர்களுக்கு எந்த இழப்பும் இல்லை. அதையே ஜலந்தரில் இருக்கும் அவர்களுடைய தங்கை எழுத முடியுமா? 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் தவிர வேறு சமயத்தவர் பட்டியல் சாதி ஆக முடியாது. சீக்கியருக்கு அது 1956இல் கிடைத்தது, பௌத்தருக்கு 1990இல். ரவிதாசியா தனிச் சமயம் என்று அரசே ஏற்றுக்கொண்டால், அதைச் சேர்ந்த மாணவியின் இட ஒதுக்கீடு என்ன ஆகும்? தலித் கிறித்தவத் தோழர்கள் இந்தக் கேள்வியை எழுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சுமந்துகொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பஞ்சாபில் பல வீடுகளில் சாமி மாடத்தில் அம்ரித்பாணி இருக்கும், சான்றிதழில் இந்து என்றோ சீக்கியர் என்றோ இருக்கும்.

1931இல் நான்கு இலட்சம் பேர் அடிவாங்கிக்கொண்டு பதிந்த சமயத்தின் பெயர் என்ன ஆயிற்று தெரியுமா? பஞ்சாபின் பட்டியல் சாதிகள் வரிசையை எடுத்துப் பாருங்கள். முதலில் நிற்கும் சாதிப் பெயர் 'ஆத் தர்மி'. சாதியே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பெயரை அரசு வாங்கிச் சாதியாகத் திருப்பிக் கொடுத்துவிட்டது. 2027 கணக்கெடுப்பில் சமயத்தோடு சாதியையும் கேட்கப்போகிறார்கள். தோஆபாவில் என்ன எழுதுவது என்று இப்போதே பேசிக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊரிலும் அந்தப் படிவம் வரும். என்ன எழுதுவது என்று நாமும் பேசத் தொடங்கலாம், நேரம் இருந்தால் இங்கேயே.